வடக்குப் பக்கத்து ரிப்பன்

அத்தியாயம் பதினான்கு

ஒரு வருஷம் என்றுதான் பேச்சு.

போன ஜூலை ஏழாம் தேதி, டுலூத் நகரத்து ஏரிக்கரை வீட்டைப் பூட்டிவிட்டு, பாலைவனத்து டூசானுக்குச் சாமான் ஏற்றிய அன்று லாயிட் தன் மனைவிக்குக் கொடுத்த வாக்கு அது. "ஒரே ஒரு வருஷம், ஆர்டிஸ். பிடிக்கலைன்னா சொல்லு. மறுபேச்சு பேசாம திரும்பிப் போயிடலாம்." முப்பத்து நான்கு வருஷம் ரயில் யார்டின் பனியில் நின்று நின்று அவருடைய இரண்டு முழங்கால்களும் துருப்பிடித்த கீல்கள் மாதிரி ஆகியிருந்தன. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் ஆர்டிஸ் சம்மதித்தாள். மனசு சம்மதிக்கவில்லை.

நாளைக்கு ஜூலை ஏழு.

இந்தப் பன்னிரண்டு மாதத்தில் லாயிட் எதைக் காட்டினாலும் அவள் சொன்ன பதில் "ம்" மட்டும்தான். "பாரேன், இன்னைக்கும் ஒரு மேகம் இல்லை" என்பார். "ம்." "கைத்தடி இல்லாம தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்பார். "ம்." ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷக் குடித்தனம் நடத்த அறுபத்தொரு வயது ஆர்டிஸுக்கு மட்டும்தான் முடியும்.

உண்மை வேறு. அதை அவள் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள்.

கொடியில் போட்ட துண்டு பன்னிரண்டே நிமிஷத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும் அதிசயத்தை அவள் கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தாள். கண்ணாடிக் குடுவையில் தண்ணீரும் தேயிலையும் போட்டுச் சுவர் மேல் வைத்தால், அடுப்பே இல்லாமல் வெயில் தேநீர் போட்டுக் கொடுத்துவிடும். ஏப்ரலில் ஒரு காடைக் குடும்பம் பின்கட்டு வழியாகத் தினமும் நடந்து போயிற்று, தலையில் கொண்டை ஆட, பின்னால் பதினோரு குஞ்சுகள். பதினொன்று ஒன்பதாகக் குறைந்தபோது அவள் சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேற்கு மலை செம்மண் நிறத்திலிருந்து ஊதாவுக்கு மாறுகிற அந்த நாலு நிமிஷம் வரும்போது மட்டும், ஏதோ வேலை இருப்பது போல அவள் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போவாள்.

லாயிட் ஒரு நாள் கேட்டே விட்டார்: நம்ம வீட்டில் மட்டும் எப்படித் தினமும் சாயங்காலம் குப்பை சேருகிறது?

"ம்" என்றாள் ஆர்டிஸ்.

வியாழக்கிழமை மகள் ப்ரிட்டா டுலூத்திலிருந்து வந்து இறங்கினாள். முப்பத்து மூன்று வயது, ஒரே மகள், நினைத்ததை முடிக்கிற ரகம். கையில் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு விமான டிக்கெட். கோடை முடிகிற வரையில் அம்மா தன்னோடு வந்து இருக்கட்டும் என்றாள். கோடை முடிந்தபின் என்ன என்பதை மூன்று பேருமே கேட்கவில்லை. அம்மா திரும்பிவிட்டால் அப்பா எத்தனை நாள் தனியாக இருப்பார் என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயமில்லை. அவரும் கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு பனிக்குத் திரும்புவார். மறுபேச்சுப் பேச மாட்டார். கொடுத்த வாக்கு வாக்குதான்.

வெள்ளிக்கிழமை லாயிட் கடைக்குப் போன நேரத்தில் ஆர்டிஸ் பெட்டி கட்டினாள். கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சனிக்கிழமை காலை வரை அந்தப் பெட்டி அங்கே இருப்பது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

* * *

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரமீரோ வந்தார்.

கள்ளி பெயர்த்து நடுகிற வேலையில் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவருக்கு. கூட இரண்டு ஆட்கள், பின்னால் கள்ளியைப் படுக்க வைத்துத் தூக்குகிற இரும்புத் தொட்டில் பூட்டிய லாரி. போன ஞாயிறன்று அவர்தான் பின்பக்கத்துச் சவாரோ கள்ளியை வேரோடு எடுத்துப் போனார். எடுத்து என்றால் பத்தடி தூரம்தான். வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்துப் பாதையை அகலப்படுத்துகிறார்கள், கள்ளி நின்ற இடம் சாலைக்குப் போகிறது. வெட்டிப் போட்டுவிட இந்த ஊரில் முடியாது. அனுமதிச் சீட்டு வாங்கி, முத்திரை கட்டி, வேறு இடத்தில் நட்டுத்தான் ஆக வேண்டும். வெட்டுப்பட்ட வேர் காய்வதற்காக, ஆறு நாளாக அதை மெஸ்கீட் மரத்தின் நிழலில் பழைய கம்பளங்களின் மேல் படுக்க வைத்திருந்தார்கள்.

எட்டடி உயரம், எழுநூறு பவுண்டு எடை. கை ஒன்று கூட இன்னும் முளைக்கவில்லை. வயது ஐம்பது இருக்கும் என்று ரமீரோ சொல்லியிருந்தார். கை முளைக்க இன்னும் இருபது வருஷம் ஆகுமாம். அதைக் கேட்ட அன்று ஆர்டிஸுக்குத் தலை சுற்றியது. ஐம்பது வருஷம் நின்றும் அது இன்னும் குழந்தை.

புதுக்குழி வீட்டுக்கு முன்னால், வாசற்கதவுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. ரமீரோ கள்ளியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இன்னொரு சுற்று வந்தார். குனிந்து கம்பளத்துக்கு அடியில் பார்த்தார்.

"ரிப்பன் எங்கே?"

"எந்த ரிப்பன்?" என்றார் லாயிட்.

"ஆரஞ்சு ரிப்பன். வடக்குப் பக்கத்து முள்ளுல நான் கட்டி வெச்சேனே."

சமையலறை ஜன்னலில் காபி ஊற்றிக்கொண்டிருந்த ஆர்டிஸின் கை அப்படியே நின்றது.

காற்றில் பறந்திருக்கும் என்றார் லாயிட். தான் கட்டின முடிச்சு எந்தக் காற்றுக்கும் அவிழாது என்றார் ரமீரோ. கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார், அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. ப்ரிட்டா தண்ணீர்ப் பாட்டிலோடு வெளியே வந்து, எந்தப் பக்கமாக நட்டால் என்ன, செடிதானே என்று கேட்டாள்.

"அப்படி இல்லைம்மா" என்றார் ரமீரோ. "ஐம்பது வருஷம் வெயிலைப் பார்த்து நின்ன பக்கம் இருக்கே, அதுக்குத் தோல் தடிச்சிருக்கும். வடக்குப் பக்கம் நிழல்லயே வளர்ந்தது, பிஞ்சுத் தோல். திருப்பி நட்டா அந்தப் பிஞ்சு மேல ஜூலை வெயில் விழும். வெந்துடும்."

"உடனே செத்துடுமா?"

"உடனே செத்தா பரவாயில்லையே. ரெண்டு வருஷம் பச்சையா நிக்கும். உடம்புல இருக்கிற தண்ணியைக் குடிச்சுக்கிட்டே நிக்கும். வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது."

கிழட்டுச் சவாரோவாக இருந்தால் நிறத்தைப் பார்த்தே திசை சொல்லிவிடுவாராம். இது மெஸ்கீட் நிழலில் வளர்ந்தது, எல்லாப் பக்கமும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறது. போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று ப்ரிட்டா கேட்டாள். கொல்லைப்புறத்தை யார் போட்டோ எடுப்பார்கள் என்று லாயிட் கையை விரித்தார். அந்தக் கள்ளியின் அனுமதிச் சீட்டுக்காக அவர் மூன்று வாரம் அலைந்திருந்தார். இந்த ஊரில் தனக்குச் சொந்தம் என்று அவர் நினைத்த முதல் பொருள் அதுதான். முகம் சுருங்கிவிட்டது.

ஆர்டிஸ் எல்லாவற்றையும் ஜன்னலிலிருந்து கேட்டாள். பேசாமல் இருந்துவிடலாம். காற்றின் மேல் பழி போயிற்று, அங்கேயே இருக்கட்டும். நாளைக்கு இந்நேரம் அவள் மேகத்துக்கு மேலே இருப்பாள். கள்ளி பாட்டுக்குத் தவறான பக்கம் பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் பச்சையாக நிற்கும், லாயிட் தினமும் அதைப் பார்த்துப் பெருமைப்படுவார்.

அந்த நினைப்பு அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

படுக்கையறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். ஜல்லி போட்ட முற்றத்தில் அதன் சக்கரங்கள் கடகடவென்று ஊரைக் கூட்டின. ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியின் கைப்பிடியில், அழகாக வளையம் போட்டு, ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்தது.

"ஏர்போர்ட்ல எல்லார் பெட்டியும் கறுப்பா இருக்கும்" என்றாள் ஆர்டிஸ். "அடையாளத்துக்கு வேணும்னு எடுத்தேன். வேலை முடிஞ்சு மிஞ்சின துணின்னு நினைச்சுட்டேன்."

ரமீரோ ரிப்பனைப் பார்த்தார். லாயிட் ரிப்பனைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

"சரி" என்றார் லாயிட்.

அவ்வளவுதான். ஒரு வருஷமாக அவள் சொன்ன அத்தனை "ம்"மும் சேர்ந்து அந்த ஒரு "சரி"யில் திரும்பி வந்தது போல் இருந்தது அவளுக்கு. ரமீரோவின் ஆட்கள் இரண்டு பேரும் லாரிச் சக்கரத்தில் என்னவோ பழுது இருப்பது போல் குனிந்துகொண்டார்கள்.

* * *

ரிப்பன் கிடைத்துவிட்டது. திசை கிடைக்கவில்லை.

எந்த முள்ளிலிருந்து எடுத்தாய் என்று ப்ரிட்டா கேட்டாள். ஆர்டிஸுக்கு நினைவில்லை. அவள் ரிப்பனை எடுத்த பிறகு கள்ளியை இரண்டு தடவை உருட்டியும் இருந்தார்கள், வேர் எல்லாப் பக்கமும் காய வேண்டுமென்று.

ஆர்டிஸ் கள்ளியின் பக்கத்தில் போய் நின்றாள். படுத்திருப்பதை அவள் இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை; ரிப்பனை எடுத்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எடுத்தாள். இந்த ஆறு நாளும் சமையலறை ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தாள். நிற்க வேண்டியவர் படுத்துக் கிடந்தால் யாருக்குத்தான் பார்க்க மனசு வரும்? இப்போது தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் மெதுவாக நடந்தாள். திரும்பி வந்தாள்.

"இது முதுகு" என்றாள்.

"என்னது?" என்றார் ரமீரோ.

"இது அவரோட முதுகு. முகம் கீழே இருக்கு. புரட்டுங்க."

ரமீரோ லாயிட்டைப் பார்த்தார். லாயிட் தோளைக் குலுக்கினார். பட்டைகளைப் போட்டு ரமீரோவும் ஆட்களுமாக எழுநூறு பவுண்டை அங்குலம் அங்குலமாகப் புரட்டினார்கள்.

"போதும்" என்றாள் ஆர்டிஸ். குனிந்து, தொடாமல், விரலால் காட்டினாள். இடுப்பு உயரத்தில் இரண்டு மடிப்புகள் ஒன்றாகச் சேர்கிற இடம் ஒன்று இருந்தது, மூக்குத் தண்டு போல. அதற்கு மேலே நாலு முள் உதிர்ந்த ஒரு வழுக்கை. உச்சிக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பழுப்பாக ஒரு தழும்பு.

"இதுதான் ஹால்வரோட முகம். கிழக்கே பார்த்து இருக்கணும். அடுப்படியிலதானே நான் நிக்கிறேன், அது இவருக்குக் கிழக்கு. காலையில வாசல் பக்கத்துலேர்ந்து வீட்டு ஓரமா வெயில் வந்து முதல்ல இந்த மூக்கு மேலதான் விழும். அஞ்சு முப்பத்தஞ்சுக்கு. குளிர்காலத்துல ஏழரை."

"யாரும்மா ஹால்வர்?" என்றாள் ப்ரிட்டா.

ஆர்டிஸின் காது சிவந்தது.

"உங்க தாத்தாவோட தம்பி. ஞாபகம் இருக்காது உனக்கு. எல்லார் கல்யாணத்துக்கும் வருவார். ஒரு மூலையில போய் நிப்பார். பேச மாட்டார், ஆட மாட்டார், கடைசி வரைக்கும் போகவும் மாட்டார்."

ரமீரோ தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். சிரிப்பை மறைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. தழும்பை மட்டும் குனிந்து உற்றுப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்புப் போய்விட்டது.

"சென்யோரா, இது பூத்த தழும்பு."

"ஆமாம். மே மாசம் இருபத்து மூணாம் தேதி."

"இந்த வயசுல பூத்தா அது முதல் பூவா இருக்கும். ஐம்பது வருஷத்துல முதல் தடவை. நீங்க பார்த்தீங்களா?"

பார்த்தாள். அன்று விடியும்போது கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தவள், அப்படியே அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனாள். சாமான் அறையிலிருந்து மூன்று படி ஏணியைத் தூக்கி வந்து, இரவு உடுப்போடு, செருப்பு கூட இல்லாமல் அதன் மேல் ஏறினாள். மெழுகில் செய்தது போல வெள்ளை. நடுவில் மஞ்சள். பழுத்த முலாம்பழ வாசனை. அதற்குள் ஒரு தேனீ புரண்டு புரண்டு எழுந்தது. முள்ளைத் தவிர வேறெதையும் ஐம்பது வருஷமாக வெளியே காட்டாத ஒரு ஜீவன், யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், ஒரு விடியற்காலையில் இதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நின்றது. ஆர்டிஸுக்கு ஏணியிலிருந்து இறங்கத் தோன்றவில்லை. கோயிலில் கூட, தன் கல்யாணத்தன்று கூட, அவள் அப்படி வாயடைத்து நின்றதில்லை. பகல் பன்னிரண்டுக்குள் பூ மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் உதிர்ந்துவிட்டது.

இதில் பாதியைத்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

லாயிட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

"சொல்லலை."

"ஏன்?"

ஆர்டிஸ் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

"சொன்னா நீ ஜெயிச்சிருப்பே."

* * *

ஏழரை மணிக்குத் தொட்டில் மெதுவாக நிமிர்ந்தது. லாரியின் பின்பக்கம் உறுமிக்கொண்டே கள்ளியைப் படுக்கையிலிருந்து சாய்வுக்கும், சாய்விலிருந்து நிலைக்கும் கொண்டுவந்தது. ஆறு நாள் படுத்துக் கிடந்த ஹால்வர் மறுபடி எழுந்து நின்றார்.

அப்போதுதான் லாயிட்டுக்கு ஒன்று உறைத்தது. குழி இருப்பது வீட்டுக்குக் கிழக்கே. முகமும் கிழக்கே பார்த்தால், வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிவது முதுகுதான்.

"கொஞ்சம் திருப்பி வெச்சிடலாமா?" என்றார் ரமீரோவிடம், குரலைத் தாழ்த்தி. "ஜன்னலைப் பார்த்து. அவளுக்குத் தெரிஞ்ச முகம்."

அவர் யாருக்காகக் கேட்கிறார் என்று ஆர்டிஸுக்குப் புரிந்தது. நாளைக்குப் போகிறவளுக்காக ஒரு மனுஷன் கள்ளியைத் திருப்பி வைக்கச் சொல்கிறார். அவளுக்கு முப்பத்தாறு வருஷத்தில் அவர் மேல் வராத ஒரு பிரியம் அந்த நிமிஷம் வந்தது.

"வேண்டாம், லாயிட். வெந்துடும். அவர் பார்த்த பக்கத்தையே அவர் பார்க்கட்டும். முகத்தைப் பார்க்கணும்னா நாமதான் வாசல் தாண்டிப் போய் நின்னு பார்க்கணும்."

"உனக்கும் ஒரு ரிப்பன் கட்டிக் கூட்டிட்டு வந்திருக்கணும் நான்" என்றார் லாயிட்.

ரமீரோ மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தார். போகும்போது சொன்னவை கொஞ்சம்தான். ஒரு மாசத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாவம் என்று நினைத்து ஊற்றுகிறவர்கள் எல்லாம் வடக்கேயிருந்து வந்தவர்கள், அவர்கள் கையால் செத்த கள்ளிகள் நிறைய. வேர் பிடித்ததா என்று தெரிய இரண்டு வருஷம் ஆகும். அதுவரை யாராவது ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்: நிறம் மஞ்சளாகிறதா, மடிப்பு சுருங்குகிறதா, மூக்கு அதே இடத்தில் இருக்கிறதா.

"பார்க்கிறதைத் தவிர வேற என்ன செய்யணும்?" என்றாள் ஆர்டிஸ்.

"ஒண்ணும் செய்யக் கூடாது, சென்யோரா. அதுதான் கஷ்டம்."

* * *

மத்தியானம் நூற்றெட்டு டிகிரி. வீட்டுக்குள் குளிரூட்டி முனகிக்கொண்டிருந்தது. பெட்டி கூடத்தின் நடுவில் நின்றது; அதைத் தாண்டித் தாண்டித்தான் மூன்று பேரும் நடமாடினார்கள். ஒருவரும் அதை நகர்த்தவில்லை.

லாயிட் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை என்று முதுகே சொன்னது. ப்ரிட்டா வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, இன்றும் தர்பூசணி மட்டும்தான். காபி வேண்டாம் என்கிறாள், ஒரு காலத்தில் காபியில் நீந்தியவள். இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் எது இறங்கும் என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள். மகள் போட்டிருந்த தொளதொளச் சட்டையும் வெயிலுக்குத்தான் என்று நினைத்தாள்.

மூன்று மணிக்கு வெளிச்சம் மாறியது.

தெற்கே மலைக்குப் பின்னால் மேகம் எழும்பியிருந்தது. எழும்பியிருந்தது என்பது சரியில்லை. இன்னொரு மலை வந்து நின்றது. அடிப்பக்கம் கறுப்பு, உச்சி வெள்ளை, உள்ளே அவ்வப்போது மின்னல் ஓடி அணைந்தது. காற்று திடீரென்று திரும்பியது, புழுதியை முதலில் அனுப்பியது. அதற்குப் பின்னால் அந்த வாசனை வந்தது. நூறு நாளாக ஒரு சொட்டுத் தண்ணீரில்லாமல் நின்ற புதர்கள், மழை இன்னும் ஐந்து மைலுக்கு அப்பால் இருக்கும்போதே, இலையைத் திறந்து விடுகிற வாசனை. தாரும் கற்பூரமும் ஈர மண்ணும் சேர்ந்தது மாதிரி. போன ஜூலையில் சாமான் பிரிக்கிற அவசரத்தில் ஆர்டிஸ் ஜன்னலைச் சாத்திவிட்டிருந்தாள். இந்தத் தடவை அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். குப்பைக் கூடையை எடுத்துக்கொள்ளவில்லை.

தெருவே வெளியில் நின்றது. டுலூத்தில் மழை வந்தால் ஜனங்கள் உள்ளே ஓடுவார்கள். இங்கே வேலையைப் போட்டுவிட்டு வெளியே வருகிறார்கள். எதிர்வீட்டு டெல்ஃபினா மாவுக் கையோடு, மூலை வீட்டுக்காரர் பாதி முகத்தில் சவர நுரையோடு, தபால்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி நின்று. எல்லாருமே தெற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லாயிட் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார், கைத்தடி இல்லாமல்.

மழை தெருவின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தது. நடந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தது. மூலை வீடு நனைந்தது, டெல்ஃபினா வீடு நனைந்தது, ஜல்லியின் மேல் முதல் துளிகள் காசளவு காசளவாக விழுந்தன. பிறகு வானம் மொத்தமாக இறங்கியது.

ஆர்டிஸ் வாசல் தாண்டிப் போனாள். கள்ளியின் முன்னால் போய் நின்று திரும்பினாள். மூக்கின் வழியாகத் தண்ணீர் ஓடியது. ஐம்பது வருஷமாக மடிப்பு மடிப்பாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது இதற்குத்தான். நட்ட நாளிலேயே வந்துவிட்டது. ரமீரோ தண்ணீர் ஊற்றக் கூடாது என்றாரே என்று ஒரு கணம் பயந்தாள், மறு கணம் சிரித்தாள். இதை யார் ஊற்றுகிறார்களோ அவர்களிடம் போய் ரமீரோ சொல்லட்டும்.

சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. மழையில் எது எது என்று யாருக்குத் தெரியப்போகிறது?

"லாயிட்" என்று கூப்பிட்டாள். "நான் நாளைக்குப் போகலை. இதை ரெண்டு வருஷம் யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணுமாம்."

லாயிட் வந்து கள்ளியின் மூக்கைப் பார்த்தார். "ம்" என்றார்.

அவள் அவர் தோளில் ஒரு குத்து விட்டாள். உள்ளே ஓடினாள். பெட்டியின் கைப்பிடியிலிருந்து ரிப்பனை அவிழ்த்து எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள், கள்ளியில் பழைய இடத்திலேயே கட்டிவிட வேண்டும் என்று. இப்போதுதான் வடக்கு எது என்று அவளுக்குத் தெரியுமே.

ப்ரிட்டா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பிறகு அவளும் படியிறங்கி மழைக்குள் வந்தாள், முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு. தொளதொளச் சட்டை அரை நிமிஷத்தில் நனைந்து உடம்போடு ஒட்டியது.

ஆர்டிஸ் பார்த்தாள்.

ஒரு செடியின் மூக்கையும் தழும்பையும் ஒரு வருஷம் மனப்பாடம் செய்தவள், தன் மகளை இரண்டு நாளாகப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள். சட்டைக்கு அடியில், சின்னதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், வயிறு மேடிட்டிருந்தது.

"ப்ரிட்டா."

ப்ரிட்டா கண்ணைத் திறந்தாள். மறைக்க முயற்சி செய்யவில்லை. ஒரு கையை அங்கே வைத்துக்கொண்டாள்.

"நவம்பர்ல, அம்மா" என்றாள். "நான் தனியாத்தான் இருக்கேன். நீ அங்கே வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நீயா விரும்பி வந்தவளா இருக்கணும், என்னைப் பார்த்துப் பாவம்னு வந்தவளா இருக்கக் கூடாதுன்னு."

மழை பெய்துகொண்டே இருந்தது. லாயிட் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

ஆர்டிஸ் இரண்டே எட்டில் போய் மகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கையில், ப்ரிட்டாவின் முதுகுக்குப் பின்னால், ஆரஞ்சு ரிப்பன் நனைந்து தொங்கியது. அதை எதில் கட்டுவது என்று அவளுக்கு இப்போது தெரியவில்லை.